குடும்பச் சூழ்நிலை காரணமாக

என் கண்ணு ஸ்டெல்லா,

நேற்று சனிக்கிழமை நம் ஆஸ்பத்திரியில் ஒரு முகாம் நடந்தது. கண் முகாம் இல்லை, சர்க்கரை முகாமும் இல்லை. நர்ஸ்களின் மாமியார்களையும் அம்மாக்களையும் வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, எங்கள் நர்ஸைக் கொஞ்சம் நிம்மதியாக வேலை பார்க்க விடுங்கள் என்று புத்தி சொல்லும் முகாம். நீ இருந்திருந்தால் மருந்து அறைக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்துக் கற்கண்டு கொடுத்தவள் நானாயிற்றே.

உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் நம்மோடு வேலை பார்த்த பெண்களும் படிக்க வேண்டும் என்றுதான் இதை வெளியில் அனுப்புகிறேன். நம்மைத் தெரியாதவர்களும் படிக்கலாம், அவர்களுக்கு ஒரு வார்த்தை: நீ என் வீட்டுக்காரரின் தங்கை. என்னைவிட ஆறு வயது சின்னவள். நான் வார்டு இன்சார்ஜாக இருந்த ஆஸ்பத்திரியிலேயே உன்னையும் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான்தான். வெள்ளானூரிலிருந்து ஒரே ஸ்கூட்டியில் பன்னிரண்டு வருஷம் போய் வந்தோம். நாத்தனாரும் அண்ணியும் கீரியும் பாம்புமாக இருக்கிற தெருவில் நாம் மட்டும் நகமும் சதையுமாகத் திரிந்தோம். அது தெருவுக்கே பொறுக்கவில்லை.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு நான் ஒரு வரியும் எழுதாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே சொன்னால் மிச்சத்தை நீ படிக்க மாட்டாய்.

முதலில் நாற்காலி சமாச்சாரம். மூன்றாவது மாடியில் நம் மேஜைக்குப் பின்னால் நாலு நாற்காலி இருந்தது ஞாபகம் இருக்கிறதா? சேர்மன் ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்தார். நீயும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்து சார்ட் எழுதிக்கொண்டிருந்தீர்கள். "இது என்ன பஸ் ஸ்டாண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை நாலு நாற்காலியையும் காணோம். டாக்டருக்கு மட்டும் ஒரு சுழல் நாற்காலி வந்தது, அதில் நர்ஸ் உட்காரக் கூடாது என்று வாய்மொழி உத்தரவோடு.

அந்த மனிதர் கீழே வரவேற்பறையில் ஒரு மீன்தொட்டி வைத்திருக்கிறார். மீனுக்கு வேளாவேளைக்குத் தீனி போட ஒரு ஆள், தண்ணீர் மாற்ற ஒரு ஆள். மீன் சோர்ந்து தெரிந்தால் போன் பறக்கும். எட்டு மணி நேரம் நின்றபடியே ஊசி போட்டு, நின்றபடியே எழுதி, நின்றபடியே இட்லியை விழுங்கும் பெண்கள் சோர்ந்து தெரிந்தால் மட்டும், "சிரிச்ச முகமா இருங்க சிஸ்டர்" என்று சுவரில் ஒரு படம் ஒட்டுவார்கள். மாதம் ஒருமுறை அழகாகச் சிரித்த நர்ஸுக்குப் பரிசு கூட உண்டு. ஒரு தண்ணீர் பாட்டில்.

நோயாளிகள் கட்டிலில் ஏற வைத்திருக்கும் இரும்புப் படியை நீ இழுத்துப் போட்டு உட்கார்வாய். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு கிடக்கும். வயிற்றில் பிள்ளையோடு இருந்த பெண்கள் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் உட்கார இடம் தேடிக் கக்கூசுக்குப் போக வேண்டியிருந்தது, அதை நடத்துகிறவர் மேடை ஏறினால் "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்பார். இவர் வீட்டிலும் எல்லாரும் நின்றுகொண்டுதான் இருப்பார்களோ என்று நீ ஒருநாள் கேட்டாய்.

அப்படியும் நீ போகவில்லை. உனக்கு வேலை பிடித்திருந்தது. பக்கவாதத்தில் கிடந்த ஒரு பெரியவருக்கு நீ ஸ்பூனால் கஞ்சி ஊட்டி, அவர் முதல்முறையாக வழியாமல் விழுங்கிய அன்று, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தாய். நர்ஸ்களை யாரும் பிடித்து வைக்க வேண்டியதில்லை, ஸ்டெல்லா. வேலையே பிடித்து வைத்திருந்தது. பக்கத்தில் நிற்பவள் "சாப்ட்டியா?" என்று கேட்டால் இன்னொரு வருஷம் ஓடிவிடும். இந்தச் சின்ன விஷயம் புரியாமல் வெளியூரிலிருந்து நிபுணரைக் கூட்டி வருகிறார்கள்.

உன்னைக் கிளப்பியது அந்தச் செருப்புக்கால் ஆசாமிதான். மாமனாரைப் பார்க்க வந்தவர், பக்கத்துக் கட்டிலில் செருப்போடு ஏறிச் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் முடிந்து வரும் ஒரு அம்மாவுக்காக நீ அப்போதுதான் புது விரிப்புப் போட்ட கட்டில். "சார், கொஞ்சம் எறங்குங்க, பேஷண்ட் வராங்க" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய், நான் பக்கத்தில் நின்றேன். அந்த ஆள் கீழே போய், நர்ஸ் மரியாதை இல்லாமல் பேசினாள் என்று கத்தினார். நான்கைந்து பெரிய மனிதர்களின் பெயரையும் சொன்னார்.

சாயங்காலம் உன் கையில் ஒரு பூங்கொத்தையும், 'மன்னிக்கவும்' என்று அச்சடித்த ஒரு அட்டையையும் கொடுத்தார்கள். வார்டு முழுக்கப் பார்த்திருக்க நீ அதைக் கொண்டுபோய் அவரிடம் நீட்ட வேண்டியிருந்தது. எச்.ஆர். மேனேஜர் அதைப் போட்டோ எடுத்தான். டையைச் சரிசெய்துகொண்டு, "சிஸ்டர், லேசா ஸ்மைல் பண்ணுங்க" என்றான். படம் ஆஸ்பத்திரியின் பேஸ்புக் பக்கத்தில் வந்தது. கீழே எண்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். அந்த ஆபரேஷன் அம்மா மட்டும்தான் உன் கையைப் பிடித்து, "நீ ஏம்மா மன்னிப்பு கேட்ட?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை நீ ராஜினாமாக் கடிதம் எழுதினாய். மருந்து அறையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினாய். எனக்கு அது மனப்பாடம். "இங்கே உட்கார இடமில்லை, சாப்பிட நேரமில்லை. தப்பு யார் செய்தாலும் மன்னிப்புக் கேட்க ஒரு நர்ஸ் வேண்டியிருக்கிறது. நோயாளிகளை எனக்குப் பிடிக்கும். உங்களைப் பிடிக்கவில்லை. அதனால் போகிறேன்." அவ்வளவுதான். கையெழுத்து, தேதி. எல்லாரும் கைதட்டினோம், சத்தம் வெளியே கேட்காமல்.

ஆனால் நம் ஆஸ்பத்திரியில் அப்படியெல்லாம் போய்விட முடியாது. சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டையெல்லாம் 'பத்திரமாக இருக்கும்' என்று வாங்கி எச்.ஆர். அறை பீரோவில் பூட்டிவிடுவார்கள். போகிறவள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் பீரோ திறக்கும். பெயர் எழுத இடம் இருக்கும், தேதி எழுத இடம் இருக்கும். காரணம் எழுத இடம் கிடையாது, அது ஏற்கெனவே அச்சாகியிருக்கும்: "குடும்பச் சூழ்நிலை காரணமாக."

சர்ஜன் தன் முகத்தில் பைலை விட்டெறிந்தார் என்று அன்றே போனவளும் குடும்பச் சூழ்நிலை. தொடர்ந்து இரண்டு ஷிப்டு நிற்கவைத்து மூன்றாம் மாதம் கரு கலைந்தவளும் குடும்பச் சூழ்நிலை. அம்பத்தூர் மார்க்கெட்டில் நைட்டி விற்கிறாளே ஒருத்தி, "இங்க எனக்கு ஸ்டூல் இருக்குது சிஸ்டர்" என்று என்னிடம் காட்டினாளே, அவளும் குடும்பச் சூழ்நிலைதான். இவர்கள் வீட்டிலெல்லாம் போகாதே, போகாதே என்று கெஞ்சினார்கள், ஸ்டெல்லா. லோன் இருந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள். எந்த வீடு அவர்களைப் போகாதே என்றதோ அந்த வீட்டின் தலையிலேயே பழியைப் போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள்.

நீ மாட்டேன் என்றாய். "எங்க ஊட்டு மேல நான் ஏன் அண்ணி பொய் சொல்லணும்? அம்மா நாலு மணிக்கு எழுந்து சோறு கட்றாங்க. அவங்க மேலயா?" திருவள்ளூர் பக்கம் அரசுத் திட்டத்தில் உனக்கு வேலை கிடைத்திருந்தது. சர்டிபிகேட் சரிபார்க்க ஆறு வாரத்தில் ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். முறைப்படி வார்டு இன்சார்ஜிடம் கடிதத்தைக் கொடுத்தாய், அதாவது என்னிடம். நான் கையெழுத்துப் போட்டு எச்.ஆருக்கு அனுப்ப வேண்டும்.

நீ எத்தனை தடவை அந்த அறைக்கு நடந்தாய்! ஒவ்வொரு தடவையும் அந்த டை கட்டிய தம்பி ஒரே பதிலைச் சொன்னான்: "உங்க லெட்டர் எங்களுக்கு வரவே இல்லையே சிஸ்டர்." நீ மேலே வந்து, "வாயத் தொறந்தா பொய்யி அண்ணி அவனுக்கு" என்பாய். நான் தலையை ஆட்டுவேன். சரிபார்க்கும் தேதி வந்தது, போனது. அந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று. நீ மறுபடி இரும்புப் படியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

அதற்கப்புறம் நாலு மாதம்தான் இருந்தாய். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஷிப்டு முடித்து வந்து தட்டின் முன் உட்கார்ந்தவள், தலை வலிக்கிறது என்று அப்படியே சாய்ந்தாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். இந்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா டாக்டர் என்று கேட்டேன். "அப்படியெல்லாம் சொல்ல முடியாது சிஸ்டர்" என்றார். சொல்ல முடியாதுதான். ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

நம் ஆஸ்பத்திரியில்தான் மூன்று நாள் கிடந்தாய். பன்னிரண்டு வருஷத்தில் நீ அங்கே காலை நீட்டியது அந்த மூன்று நாள் மட்டும். கவிதா ஷிப்டு முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் உனக்கு உடம்பு துடைத்துத் தலை பின்னிவிட்டாள். உன்னோடு மூன்றாம் மாடியில் நின்றாளே, சென்னீர்குப்பத்திலிருந்து வருகிறவள், இரட்டைப் பெண் பிள்ளைகளின் அம்மா, அதே கவிதாதான். "ஸ்டெல்லா அக்காவுக்கு எடுப்பா பின்னினாத்தான் புடிக்கும்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அடக்கத்துக்கு முன்னால் டை தம்பி மலர்வளையத்தோடு வீட்டுக்கு வந்தான். வளையத்தின் ரிப்பனில் 'எங்கள் குடும்பத்தின் அங்கம்' என்று எழுதியிருந்தது. மற்ற கையில் ஒரு பிளாஸ்டிக் பைல். உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதை என்னிடம் நீட்டி, "சிஸ்டரோட ஒரிஜினல்ஸ். எல்லாம் கரெக்டா இருக்கான்னு பாத்து ஒரு சைன் மட்டும் போட்டுடுங்க" என்றான். நீ ஆறு வாரம் நடந்து கேட்டது, ஒரே நாளில் வீடு தேடி வந்துவிட்டது. நான் கையெழுத்துப் போட்டேன். பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார், வேறென்ன செய்ய?

இப்போது முகாமுக்கு வருகிறேன். நர்ஸ்கள் நிற்கவே மாட்டேன் என்கிறார்கள், வருவதும் போவதுமாக இருக்கிறார்கள் என்று சேர்மனுக்குக் கவலை வந்துவிட்டது. காரணம் கண்டுபிடிக்க ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். அவர் மாடிப்பக்கமே வரவில்லை. ஒரு நர்ஸிடமும் பேசவில்லை. ஏ.சி. அறையில் உட்கார்ந்து ராஜினாமாக் கடிதங்களை எல்லாம் படித்தார். படித்துவிட்டு என்ன கண்டுபிடித்தார் தெரியுமா? நம் நர்ஸ்கள் எல்லாருக்கும் வீட்டில்தான் பிரச்சினையாம்! தாங்களே அச்சடித்த பொய்யைத் தாங்களே படித்துத் தாங்களே நம்பிவிட்டார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவர்கள் அதற்கும் ஒரு படி மேலே போய்க் கூடத்தை நிமிர்த்த ஆள் கூட்டி வந்தார்கள்.

அப்படி வந்ததுதான் மாமியார் முகாம். வருகிறவர்களுக்காக வாடகை நாற்காலி போட்டிருந்தார்கள், வெள்ளை உறை மாட்டி, முதுகில் சிவப்பு ரிப்பன் முடிச்சோடு. நர்ஸ்கள் சுவரோரமாக நின்றோம். உன் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். என் மாமியார் என்ற முறையில் அழைப்பு வந்திருந்தது. வர வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "எம் பொண்ணு நின்ன எடத்த நான் பாக்கணும்" என்று கிளம்பிவிட்டார்கள்.

நிபுணர் அரை மணி நேரம் பேசினார். மருமகள் அலுத்து வந்தால் ஒரு காபி போட்டுக் கொடுங்கள் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "நாங்க போடாம பின்ன யாரு போட்றாங்களாம்?" என்று முணுமுணுத்தாள். அப்புறம் டை தம்பி எழுந்து திரையில் ஒரு பட்டியலைக் காட்டி, வேலையை விட்டுப் போனவர்களின் பெயரையும் காரணத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தான். குடும்பச் சூழ்நிலை. குடும்பச் சூழ்நிலை. குடும்பச் சூழ்நிலை. ஏழாவதோ எட்டாவதோ பெயராக உன் பெயரை வாசித்தான். "ஸ்டெல்லா. குடும்பச் சூழ்நிலை."

நீ செத்த பிறகு உன் பைலை மூட அவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது, ஸ்டெல்லா. அவர்களிடம் இருந்தது ஒரே காரணம். அதையே போட்டுவிட்டார்கள்.

உன் அம்மா எழுந்து நின்றார்கள். முதலில் எதுவும் கத்தவில்லை. "இன்னாபா படிச்ச? திருப்பிப் படி" என்றார்கள். அவனும் திருப்பிப் படித்தான், அவ்வளவு புத்திசாலி.

"எம் பொண்ணு ஊட்டுப் பிரச்சனைல வேலைய உட்டுட்டாளா? அவ செத்துப் போய்க்கீறாப்பா. நீதான மாலை எடுத்துகினு எங்க ஊட்டுக்கு வந்த? அதுக்குள்ள மறந்துட்ச்சா?"

டை தம்பி திரையைப் பார்த்தான், நிபுணரைப் பார்த்தான். "அம்மா, அது வந்து, சிஸ்டம்ல அந்த மாதிரி..." என்றான்.

"எங்க ஊட்டு சூழ்நிலை இன்னான்னு நான் சொல்றேன், எழுதிக்கோ. காலைல நாலு மணிக்கு எழுந்து சோறு கட்டிக் குடுப்பேன். சாயங்காலம் டப்பாவத் தொறந்தா பாதி சோறு அப்டியே கெடக்கும். துன்ன நேரம் இல்லமான்னுவா. காலு ரெண்டும் வீங்கிகினு வருவா. வெந்நீர்ல உப்பு போட்டு அவ கால நான் புடிச்சி வெச்சிகினு உக்காந்திருப்பேன். அதாம்பா எங்க ஊட்டு சூழ்நிலை. அவ நைனா பாக்டரி கேன்டீன்ல முப்பது வருசம் வேலை செஞ்சாரு, அங்க கூட உக்கார பெஞ்சி போட்டு வெச்சிருந்தாங்க. பொம்பளப் புள்ளைங்களுக்கு ஒரு நாக்காலி குடுக்க வக்கில்ல, மாமியாருக்குப் புத்தி சொல்ல வந்துட்டீங்களே, வெக்கமா இல்ல?"

சுவரோரம் நின்றவர்களில் யாரோ விம்மினார்கள். உன் அம்மா தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை, ரிப்பனோடு தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தார்கள். "உக்காரு" என்றார்கள். நான் உட்காரவில்லை. ஏன் உட்காரவில்லை என்பதற்கு இன்னும் இரண்டு நிமிஷம் பொறு.

"இதோ நிக்கறாளே எம் மருமவ," என்று என் தோளில் கை வைத்தார்கள். "இவ ஒருத்திதான் எம் பொண்ணுக்காக உங்ககூட மல்லுக்கு நின்னவ. அவ லெட்டர எடுத்துகினு எத்தினி வாட்டி உங்க ரூமுக்கு அலைஞ்சான்னு கேளு. நீங்கதான் வரல, வரலன்னு பொய் சொன்னீங்க."

டை தம்பி என்னைப் பார்த்தான். எனக்கு அந்தப் பார்வை புரிந்தது. "அம்மா எமோஷனலா இருக்காங்க, ஒரு டீ குடுங்க" என்று மட்டும் சொன்னான். நிபுணர் அதற்குள் தன் லேப்டாப்பை மூடிவிட்டார்.

இனி ஒத்திப்போட முடியாது. ஸ்டெல்லா, அவன் பொய் சொல்லவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். உன் கடிதம் அவனுக்குப் போகவே இல்லை. என் மேஜை டிராயரில், பழைய டியூட்டி லிஸ்டுகளுக்கு அடியில் இருந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அப்போது துணை மேட்ரன் பதவிக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. என் வீட்டுப் பெண்ணே இப்படி எழுதினாள் என்று மேலே போனால் என்னை என்ன நினைப்பார்கள் என்று பயந்தேன். இரண்டு நாளில் உன் கோபம் ஆறும், அந்த அச்சடித்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "ஒரு வரிதானடி, போட்டுட்டுப் போயேன்" என்று உன்னிடமும் சொன்னேன். நீ தினமும், "அண்ணி, லெட்டர் மேல போச்சா?" என்று கேட்டாய். நான் தினமும் "போச்சு" என்றேன். அவன் பொய் சொல்றான் என்று நீ சொன்னபோதெல்லாம் நான் தலையை ஆட்டினேன். இந்தக் கடிதம் முழுக்கச் சேர்மனையும் நிபுணரையும் டை தம்பியையும் காறித் துப்பிவிட்டேன். அவர்கள் உனக்கு யாரோ. நான் உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். துணை மேட்ரன் பதவி, கேட்காதே, வெளியாள் ஒருத்திக்குப் போயிற்று.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்க வேண்டும். அந்தத் தேதி போனதற்கு மறுவாரம் நீ ஸ்டேப்ளர் பின் எடுக்க என் டிராயரைத் திறந்தாய். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாய். பின்னை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அன்று வீட்டுக்கு வரும்போது நீ வழக்கம்போல என் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை, வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாய். பார்த்துவிட்டாயா, ஸ்டெல்லா? பார்த்த பிறகும் நாலு மாதம் என்னை அண்ணி என்று கூப்பிட்டாயா?

போன வாரம் கவிதா என்னிடம் ஒரு கடிதம் கொடுத்தாள். ஐயப்பன்தாங்கலில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் வேலை கிடைத்திருக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினல் காட்ட வேண்டும். "ஸ்டெல்லா அக்கா எழுதின மாரியே எழுதிக்கிறேன் சிஸ்டர். அப்ப அக்காவுக்கு நீங்க அனுப்பின மாரி எனக்கும் அனுப்பிடுங்க" என்றாள். பிரித்துப் பார்த்தேன். உட்கார இடமில்லை என்று ஆரம்பித்திருக்கிறாள். டை தம்பி அன்றே போன் செய்து, "கவிதா ஏதோ எழுதியிருக்காங்களாமே, வழக்கமான லெட்டரா மாத்தி வாங்கிடுங்க சிஸ்டர், நீங்க சொன்னா கேப்பாங்க" என்றான். ஆமாம், நான் சொன்னால் கேட்பார்கள். இத்தனை வருஷம் அவர்களுக்கு நான் பயன்பட்டது அதற்குத்தான்.

நாளை திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்குக் கவிதாவின் கடிதம் என் கையெழுத்தோடு மேலே போகும். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை குத்தித் தரும்வரை அந்த மேஜையை விட்டு நகர மாட்டேன். அதோடு உன் கடிதமும் போகும், பழைய தேதியோடு. இன்சார்ஜ் குறிப்பு என்ற இடத்தில், 'இது என்னால் தாமதமானது' என்று எழுதி என் பெயரைப் போடுவேன். என் ஒரிஜினலும் அந்தப் பீரோவில்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

ஆனால் அதெல்லாம் நாளைக்கு. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து உன் அம்மா பின்கட்டில் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். நேற்றிலிருந்து மூன்று பேரிடம் போனில் சொல்லிவிட்டார்கள், எம் மருமவ மாதிரி ஒருத்தி கிடைக்க மாட்டாள் என்று. நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதை அவர்களுக்குப் படித்துக் காட்டாமல் வேறு யார் கண்ணிலும் படவிட மாட்டேன், இது உன் மேல் சத்தியம். நடுவில் நிறுத்த மாட்டேன், பயந்துவிட்டேன் அத்தை என்று கெஞ்ச மாட்டேன். அவர்கள் என்ன சொன்னாலும், வாசலைக் காட்டினாலும், நின்று கேட்டுக்கொள்வேன்.

கூப்பிடுகிறார்கள், ஸ்டெல்லா. காகிதத்தை எடுத்துக்கொண்டு போகிறேன்.

நீ கடைசிவரை கூப்பிட்ட பெயரிலேயே,
உன் அண்ணி
ரெஜினா